சத்தம் எங்கே நின்றது? பியூர் டேட்டாவில் பிழை தேடவும் பேட்ச் பகிரவும்

பியூர் டேட்டா பழகத் தொடங்கியவர்களிடமிருந்து எனக்கு வரும் முதல் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "எல்லாம் சரியாகத்தான் இணைத்திருக்கிறேன், சத்தம் மட்டும் வரவில்லை." கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் முப்பது நாற்பது பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் வயர்கள். அதைப் பார்த்துப் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் அதே பேட்ச்சை அரைமணி நேரம் பொறுமையாகக் குறைத்துப் பார்த்தால், அனுப்பியவரே பிழையைக் கண்டுபிடித்திருப்பார்.

நான் சொல்ல வருவது இதைத்தான். பிழை தேடுவதையும் பேட்ச் பகிர்வதையும் ஒரே வேலையாகப் பாருங்கள். பிழை இருக்கும் இடம் மட்டும் மிஞ்சும்வரை பேட்ச்சைக் குறைத்துக்கொண்டே போனால், பாதி நேரம் அது உங்களுக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும், கையில் மிஞ்சுகிற ஐந்தாறு பெட்டிதான் இன்னொருவருக்கு அனுப்பத் தகுந்தது.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக ஓர் அறிமுகம். பியூர் டேட்டா ஒரு காட்சிவழி ஒலி நிரல்மொழி. வரி வரியாக நிரல் எழுதுவதற்குப் பதில் பெட்டிகளை வைத்து வயரால் இணைக்கிறோம். இணைத்து முடித்த தாளுக்குப் பேட்ச் என்று பெயர். 1980-களில் பாரிஸின் இர்காம் நிறுவனத்தில் மேக்ஸ் என்ற மென்பொருளை உருவாக்கிய மில்லர் பக்கெட், 1990-களில் இதைத் தனியாக எழுதி இலவசமாகக் கொடுத்தார். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். பழகியவர்கள் 'பிடி' என்பார்கள். நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

பெட்டிக்குள் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பைத் தமிழில் தருகிறேன். 'ஆஸ்க்~' என்றால் ஓ, எஸ், சி, அதன்பின் டில்டா. பெரும்பாலான விசைப்பலகைகளில் எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கும் அலைக்குறி அது. அந்தக் குறியை அலட்சியம் செய்யாதீர்கள். டில்டா உள்ள பெட்டி ஒலியை இடைவிடாமல் கையாளும். டில்டா இல்லாத பெட்டி, எண்ணோ மெசேஜோ வரும்போது மட்டும் வேலை செய்யும்.

முதலில் ஒரு சுருதிப் பெட்டி

பிழையைப் பற்றிப் பேச ஒரு பேட்ச் வேண்டும். சுருதிப் பெட்டி செய்வோம். காதுக்குப் பழகிய ஒலி என்பதால் தப்பு நடந்தால் உடனே தெரியும்.

புதிய பேட்ச் திறந்து, கன்ட்ரோலோடு 1 அழுத்தினால் பெட்டி வரும். 2 என்றால் மெசேஜ் (சொடுக்கினால் தன்னுள் எழுதியிருப்பதை அனுப்பும் பெட்டி), 3 என்றால் எண்பெட்டி, 5 என்றால் குறிப்பு. மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். கொடுத்த அதிர்வெண்ணில் சீரான ஒலி எழுப்பும் 'ஆஸ்க்~' பெட்டி மூன்று போடுங்கள்: 'ஆஸ்க்~ 130.8', 'ஆஸ்க்~ 196.2', 'ஆஸ்க்~ 261.6'. முதலாவது ஆண்குரலுக்கு ஒரு கட்டை சட்ஜம். இரண்டாவது அதன் ஒன்றரை மடங்கு, பஞ்சமம். மூன்றாவது இரு மடங்கு, மேல் சட்ஜம். மூன்றையும் '*~ 0.1' என்ற ஒரே பெட்டியின் இடது இன்லெட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். பெட்டியின் மேல் விளிம்பில் வயர் நுழையும் இடம் இன்லெட், கீழ் விளிம்பில் வயர் கிளம்பும் இடம் அவுட்லெட். ஒரே இன்லெட்டுக்குப் பல ஒலிகள் வந்தால் பிடி தானாகவே கூட்டிக்கொள்ளும். அங்கிருந்து 'டாக்~' பெட்டியின் இரண்டு இன்லெட்டுக்கும் வயர் இழுங்கள். டி, ஏ, சி, டில்டா. இதுதான் ஸ்பீக்கருக்குப் போகும் வாசல்.

இப்போது ஹெட்ஃபோனைக் காதிலிருந்து கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கன்ட்ரோலோடு சாய்கோட்டை அழுத்துங்கள். ஒலி ஓடத் தொடங்கும். கன்ட்ரோலோடு புள்ளி அழுத்தினால் நிற்கும். ஹெட்ஃபோனைக் கழற்றச் சொன்னது சும்மா இல்லை. ஒரு பூஜ்யம் விட்டுப்போனால், ஒரு பெருக்கல் பெட்டி விட்டுப்போனால், முழு வேகத்தில் ஒலி பாயும். எத்தனை ஆண்டு பழகினாலும் புது பேட்ச்சை முதன்முதலில் ஓட்டும்போது நான் இதைத் தவறாமல் செய்கிறேன்.

சத்தமே வரவில்லை என்றால்

பேட்ச்சைத் தொடாதீர்கள். முதலில் வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும்.

மீடியா மெனுவில் 'டெஸ்ட் ஆடியோ அண்ட் மிடி' என்று ஒன்று இருக்கிறது. அது பிடியோடு வரும் ஒரு சோதனை பேட்ச். அதில் 60 அல்லது 80-ஐச் சொடுக்கினால் சீரான ஓர் ஒலி கேட்க வேண்டும். 60 மெல்லியது, 80 உரத்தது, 60-இல் தொடங்குங்கள். இங்கேயும் ஒலி வரவில்லை என்றால் உங்கள் பேட்ச்சில் குற்றம் தேடுவது வீண். ஆடியோ செட்டிங்ஸில் வெளியீட்டுக் கருவியாக எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். மானிட்டரை எச்டிஎம்ஐ வழியாக இணைத்திருந்தால், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு ஒலி போய்க்கொண்டிருக்கலாம். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ என்ற வகை ஒலி டிரைவர்கள் சில ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் இடம் கொடுக்கும். பின்னணியில் வேறு ஒலி மென்பொருள் திறந்திருந்தால் மூடுங்கள். மேக்கில் மைக் அனுமதி கொடுக்காமல் விட்டால், உள்ளே வரும் ஒலி வெறும் பூஜ்யமாகத்தான் இருக்கும்.

ப்ளூடூத் ஹெட்செட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் மைக்கையும் சேர்த்துத் திறந்தால், பல ஹெட்செட்கள் தொலைபேசி அழைப்பு முறைக்கு மாறிவிடும். ஒலியின் மாதிரி வேகம், அதாவது நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற கணக்கு, 16000 அல்லது 8000 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பழகும் காலத்தில் வயர் உள்ள ஹெட்ஃபோனே நல்லது.

சோதனை ஒலி கேட்கிறது, உங்கள் பேட்ச்சில் மட்டும் கேட்கவில்லை என்றால் இரண்டு கேள்வி. பிடியைத் திறந்ததும் வரும் 'பிடி' விண்டோவில் டிஎஸ்பி கட்டம், அதாவது ஒலிக் கணக்கீட்டை ஓடவிடும் கட்டம், தேர்வாகியிருக்கிறதா? நீங்கள் எடிட் மோடில், அதாவது பெட்டிகளைத் திருத்தும் நிலையில் இருக்கிறீர்களா? எடிட் மோடில் மெசேஜைச் சொடுக்கினால் அது தேர்வாகுமே தவிர ஓடாது. கன்ட்ரோல்-ஈ அழுத்தி வெளியே வாருங்கள். கர்சர் கை வடிவில் இருந்தால் எடிட் மோடு, அம்பு வடிவில் இருந்தால் ஓட்டும் நிலை.

பிடி விண்டோ என்ன சொல்கிறது

பேட்ச் ஒரு விண்டோவில் இருக்கும்போது இந்தப் பிடி விண்டோ பின்னால் ஒதுங்கிக் கிடக்கும். புதியவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. பிழைச் செய்திகள் எல்லாம் அங்கேதான் வந்து விழும். கன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் முன்னால் வரும். சிவப்பு வரியைக் கன்ட்ரோலோடு சேர்த்துச் சொடுக்கினால், பிழை செய்த பெட்டியை பேட்ச்சிலேயே காட்டிக் கொடுக்கும். 'ஃபைண்ட் லாஸ்ட் எரர்' என்ற மெனு வரியும் இதே வேலையைச் செய்யும்.

அடிக்கடி வருபவை நான்கைந்துதான்.

'குடின்ட் கிரியேட்' என்று வந்து பெட்டியின் ஓரம் விட்டு விட்டுக் கோடாகத் தெரிந்தால், அந்தப் பெயரில் பிடிக்கு எதுவும் தெரியவில்லை. எழுத்துப்பிழையாக இருக்கலாம், டில்டா விட்டுப்போயிருக்கலாம். அல்லது அந்தப் பெட்டி பிடியோடு வருவதாக இல்லாமல், வேறொருவர் எழுதிச் சேர்த்த எக்ஸ்டர்னலாக இருக்கலாம். இணையத்தில் கிடைக்கும் பழைய பேட்ச்களில் இது அதிகம். பிடி எக்ஸ்டென்டட் என்ற பதிப்பு நிறைய எக்ஸ்டர்னல்களோடு வந்துகொண்டிருந்தது. 2013-ஓடு அது நின்றுவிட்டது. அதில் எழுதிய பேட்ச்சை இன்றைய பிடியில் திறந்தால் அங்கங்கே ஓட்டை விழும். மெனுவில் 'ஃபைண்ட் எக்ஸ்டர்னல்ஸ்' திறந்து, காணாமல் போன பெட்டியின் பெயரைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்றால், ஒரு எண் வட்டமடித்துத் தன்னிடமே திரும்பி வந்து நிற்காமல் ஓடியிருக்கிறது. எண்ணிக்கை எண்ண '+ 1' பெட்டியின் அவுட்லெட்டை அதன் இடது இன்லெட்டுக்கே திருப்பினால் இப்படி ஆகும். ஓர் எண்ணை நினைவில் வைத்திருக்கும் 'எஃப்' பெட்டி ஒன்றை நடுவில் வைத்து, அதிலிருந்து '+ 1'-க்கும், '+ 1'-லிருந்து 'எஃப்'-இன் வலது இன்லெட்டுக்கும் இணைத்தால் சரியாகும்.

'டிஎஸ்பி லூப் டிடெக்டட்' என்பது ஒலி வயர் வட்டமடிப்பதைச் சொல்கிறது. எதிரொலி செய்யப் பார்க்கிறவர்கள் முதலில் இங்கேதான் வந்து முட்டுவார்கள். பிடி ஒலியை 64 மாதிரிகள் கொண்ட கட்டு கட்டாகக் கணக்கிடுகிறது. ஒரு கட்டை முடிக்க அதன் விடையே முன்கூட்டித் தேவைப்பட்டால் அது எங்கே தொடங்கும்? ஒலியை எழுதி வைத்துச் சற்றுத் தாமதமாகப் படித்துத் தரும் 'டெல்ரைட்~', 'டெல்ரீட்~' ஜோடியை நடுவில் வைத்தால் வட்டம் உடைந்துவிடும். இந்த வழியில் மிகக் குறைந்த தாமதம் ஒரு கட்டின் அளவு; 44100 ஹெர்ட்ஸில் அது சுமார் 1.45 மில்லிசெகண்ட்.

இன்னொன்று. ஒலி வயரை டில்டா இல்லாத பெட்டிக்கு இழுத்தால் பிடி மறுத்துவிடும். இதில் நுணுக்கமான ஓர் இடம் இருக்கிறது. '*~' என்று மட்டும் எழுதினால் அதன் வலது இன்லெட் ஒலியை வாங்கும். '*~ 0.1' என்று எண்ணோடு எழுதினால் அதே இன்லெட் வெறும் எண்ணைத்தான் வாங்கும். ஒலி அளவை மெதுவாக ஏற்ற ஒரு 'லைன்~' பெட்டியைக் கொண்டுவந்து இணைக்கப் பார்த்தால் ஒட்டாது. எண்ணை அழித்துவிட்டு வெறும் '*~' ஆக்குங்கள், ஒட்டிக்கொள்ளும்.

காதை மட்டும் நம்பாதீர்கள்

பிழைச் செய்தியே இல்லை, ஆனாலும் ஒலி தவறு. இந்த நிலையில் பெரும்பாலோர் வயர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். அதைவிட, ஒவ்வோர் இடத்திலும் என்ன ஓடுகிறது என்று பார்ப்பது சீக்கிரம் முடியும் வேலை.

எண் ஓடும் வயரில் 'பிரின்ட்' பெட்டியை ஒட்டுங்கள். ஒன்றுக்கு மேல் வைத்தால் பெயர் கொடுங்கள்: 'பிரின்ட் ச', 'பிரின்ட் ப'. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று விண்டோவில் பார்த்ததும் தெரியும்.

ஒலி ஓடும் வயருக்கு 'என்வ்~' பெட்டியும் அதன் கீழ் ஓர் எண்பெட்டியும் போதும். அது டெசிபலில் அளவு காட்டும். அது பார்ப்பது அலையின் உச்சத்தை இல்லை, ஆர்எம்எஸ் என்ற சராசரி அளவை. பிடியின் கணக்கில் அந்தச் சராசரி 1 என்றால் 100, 0 என்பது மௌனம். முழு வீச்சுள்ள ஒரு சைன் அலைக்கு ஏறக்குறைய 97 காட்டும். 0.1-ஆல் பெருக்கினால் 77. இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு பெட்டிக்கு முன்னால் 97, பின்னால் 0 என்றால், சத்தம் நின்ற இடம் அந்தப் பெட்டிதான்.

'லைன்~' போல மெதுவாக நகரும் ஒலியின் மதிப்பைப் பார்க்க 'ஸ்னாப்ஷாட்~' உதவும். அதற்கு 'மெட்ரோ 100' ஒன்றை மேலே இணைத்து, நொடிக்குப் பத்து முறை தட்டிவிட வேண்டும். அலையின் வடிவத்தையே பார்க்க வேண்டுமானால் ஓர் அரே (எண்களின் வரிசையைப் படமாகக் காட்டும் கட்டம்) வரைந்து 'டேப்ரைட்~' வழியாக எழுதலாம்.

பார்த்து முடித்ததும் இவற்றை எடுத்துவிடுங்கள். வேகமாக ஓடும் மெட்ரோவோடு ஒரு 'பிரின்ட்' ஒட்டியபடி கிடந்தால், எழுத்தைக் காட்டும் வேலையே பிடியைத் திணறடித்து ஒலியில் கரகரப்பைக் கொண்டுவரும். பிறகு இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்போம்.

எண் மாறியது, சுருதி மாறவில்லை

புதியவர்களைப் பிடியில் அதிகம் குழப்புவது இந்த இடம்தான். எந்தச் சிவப்பு வரியும் வராது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் சுருதிப் பெட்டியை நல்லதாக மாற்றலாம். சட்ஜத்துக்கு ஓர் எண்பெட்டி. அதிலிருந்து நேராக முதல் 'ஆஸ்க்~'-க்கு ஒரு வயர். இன்னொரு வயர் '* 1.5' பெட்டி வழியாக இரண்டாவது 'ஆஸ்க்~'-க்கு. மூன்றாவது '* 2' வழியாக. எண்பெட்டியில் 130.8 கொடுத்தால் ஒரு கட்டை, 146.8 கொடுத்தால் இரண்டு கட்டை. மூன்றும் சேர்ந்தே நகரும்.

அப்புறம், மத்தியம சுருதியில் பாடும் பாட்டுக்குப் பஞ்சமத்தை இறக்கி மத்தியமமாக்க வேண்டும். அதற்காக 1.5, 1.3333 என்று இரண்டு மெசேஜ் போட்டு, இரண்டையும் '* 1.5' பெட்டியின் வலது இன்லெட்டில் இணைக்கிறீர்கள். 1.3333-ஐச் சொடுக்குகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. எரிச்சலில் சட்ஜத்தைத் தொட்டுப் பார்த்தால் திடீரென்று மத்தியமம் ஒலிக்கிறது. மென்பொருளில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும்.

கோளாறு எதுவும் இல்லை. பிடியில் பெரும்பாலான பெட்டிகளின் இடது இன்லெட் சூடானது, மற்றவை குளிர்ந்தவை என்பார்கள். குளிர்ந்த இன்லெட்டுக்கு வந்த எண்ணைப் பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சூடான இன்லெட்டில் ஏதாவது வந்தால்தான் கணக்குப் போட்டு வெளியே அனுப்பும். அடுக்களையில் எல்லாம் நறுக்கி வைத்தாயிற்று, அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை என்கிற நிலைதான்.

தீர்வு 'ட்ரிகர் பேங் ஃப்ளோட்' என்ற பெட்டி. பேங் என்பது 'இப்போது செய்' என்று மட்டும் சொல்லும் ஒரு தட்டு, ஃப்ளோட் என்பது எண். மெசேஜ்களை இதன் இன்லெட்டில் இணையுங்கள். இதன் வலது அவுட்லெட்டைப் பெருக்கல் பெட்டியின் வலது இன்லெட்டுக்கும், இடது அவுட்லெட்டை இடது இன்லெட்டுக்கும் இழுங்கள். ட்ரிகர் எப்போதும் வலமிருந்து இடமாகத்தான் அனுப்பும். முதலில் புதிய எண் வலப்பக்கம் போய் உட்காரும். பிறகு ஒரு பேங் இடப்பக்கம் தட்டும். பெட்டி பழைய சட்ஜத்தையும் புதிய விகிதத்தையும் பெருக்கி அனுப்பிவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு சங்கதி. ஓர் அவுட்லெட்டிலிருந்து இரண்டு வயர் கிளம்பினால் எது முதலில் ஓடும்? நீங்கள் எதை முதலில் இழுத்தீர்களோ அது. அந்த வரிசை திரையில் எங்கேயும் தெரியாது. பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் இரண்டு பேட்ச் வெவ்வேறு விடை தருவது இதனால்தான். ஸ்கிரீன்ஷாட்டை வைத்துப் பிழை சொல்வது கஷ்டம் என்று தொடக்கத்தில் சொன்னதற்குப் பெரிய காரணமும் இதுவே. வரிசை முக்கியமான எந்த இடத்திலும் ட்ரிகர் போட்டுவிடுங்கள். வரிசை கண்ணுக்குத் தெரியும், ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் புரியும்.

கரகரப்பும் டிக் சத்தமும்

ஒலி வருகிறது, ஆனால் உடைந்து வருகிறது. காரணத்தைப் பொறுத்து உடைவின் குணம் மாறும், அதைக் காதால் பிரித்தறியலாம்.

எப்போதும் ஒரே மாதிரி இரைச்சலாக இருந்தால் அளவு மீறியிருக்கும். 'டாக்~' பெட்டி -1 முதல் 1 வரை உள்ளதைத்தான் வெளியே விடும். பெருக்கல் பெட்டி இல்லாமல் மூன்று 'ஆஸ்க்~' நேராகப் போனால் கூட்டுத்தொகை 3-ஐத் தொடும், மேலும் கீழும் வெட்டுப்படும்.

நிறுத்தும்போதும் தொடங்கும்போதும் மட்டும் டிக் என்று கேட்டால், அலை நடுவழியில் அறுபடுகிறது. அளவைச் சட்டென்று 0.1-லிருந்து 0-க்கு மாற்றாமல் 'லைன்~' வழியாக இறக்குங்கள். '0 50' என்ற மெசேஜ், 50 மில்லிசெகண்டில் 0-க்குப் போ என்று சொல்கிறது.

அவ்வப்போது தாறுமாறாக விட்டுவிட்டு வந்தால் கணினியால் நேரத்துக்குக் கணக்கிட முடியவில்லை. ஆடியோ செட்டிங்ஸில் தாமத அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். மீடியா மெனுவில் லோட் மீட்டர் இருக்கிறது, சுமை எவ்வளவு என்று காட்டும்.

ஒலி சுத்தமாக இருக்கிறது, சுருதி மட்டும் இறங்கியிருக்கிறதா? பதிவு செய்த கோப்பை ஓட்டும்போது இது நடக்கும். 48000 ஹெர்ட்ஸில் பதிவான கோப்பை 44100-இல் ஓடும் பிடியில் 'ரீட்எஸ்எஃப்~' கொண்டு ஓட்டினால், அது வேகத்தைத் தானாகச் சரிசெய்யாது. ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். இரண்டு கட்டையில் பாடியது ஒன்றரைக்கும் ஒன்றுக்கும் நடுவில் எந்தச் சுருதியோடும் சேராமல் நிற்கும். பிடியின் மாதிரி வேகத்தைக் கோப்புக்கு ஏற்ப மாற்றுங்கள், அல்லது கோப்பை முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியாக வெட்டுங்கள்

மேலே சொன்ன எதிலும் பிடிபடாத பிழைக்கு ஒரே வழி இதுதான். பேட்ச்சை வேறு பெயரில் சேமியுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள். பிரதியில் பாதியை அழியுங்கள். பிழை இன்னும் இருக்கிறதா? இருந்தால் அழித்த பாதியில் குற்றம் இல்லை, மிச்சத்தில் பாதியை அழியுங்கள். பிழை போய்விட்டால் கன்ட்ரோல்-இசட் போட்டு மீட்டு, மற்ற பாதியை அழியுங்கள். அறுபது பெட்டி உள்ள பேட்ச் நான்கே சுற்றில் நான்கைந்து பெட்டிக்கு வந்துவிடும்.

அழிக்க மனம் வராது, தெரியும். இரண்டு வாரம் உட்கார்ந்து கட்டியது. அதனால்தான் பிரதியில் செய்யச் சொல்கிறேன்.

ஒரு முறை என் எதிரொலி பேட்ச் ஒன்று தனியாகத் திறந்தால் ஒழுங்காக ஓடியது, ஒரே பேட்ச்சில் இரண்டு வைத்தால் ஒன்றின் ஒலி மற்றொன்றில் கேட்டது. மூன்று நாள் எங்கெங்கோ தேடினேன். கடைசியில் குறைத்துக் குறைத்து ஆறு பெட்டிக்கு வந்தபோதுதான் தெரிந்தது: இரண்டிலும் 'டெல்ரைட்~' ஒரே பெயரில் இருந்தது. பெயர்கள் பிடி முழுவதுக்கும் பொது. பெயருக்கு முன்னால் '$0-' சேர்த்தால், பிடி ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் கொடுத்து வேறுபடுத்திவிடும். ஆனால் மெசேஜ் பெட்டிக்குள் $0 இந்த வேலையைச் செய்யாது. அங்கே $1 என்று எழுதினால், வந்த செய்தியின் முதல் உறுப்பு என்று பொருள். பெட்டிக்குள் $1 என்றால் அப்ஸ்ட்ராக்ஷனுக்கு, அதாவது தனிக் கோப்பாகச் சேமித்து இன்னொரு பேட்ச்சில் ஒரு பெட்டியாகப் பயன்படுத்தும் பேட்ச்சுக்கு, நீங்கள் கொடுத்த முதல் அளவுரு. ஒரே குறிக்கு இரண்டு இடத்தில் இரண்டு பொருள். புதியவர்கள் இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொருவருக்கு அனுப்பும்போது

குறைத்த பேட்ச் கையில் இருக்கிறது, பிழை இன்னும் புரியவில்லை. இப்போது கேளுங்கள். கேட்பதற்கு முன் பிடியை முழுவதும் மூடி, மறுபடி திறந்து, அந்தக் கோப்பை மட்டும் திறந்து பாருங்கள். பிழை அப்படியே வந்தால் அனுப்பலாம்.

பெரும்பாலும் இந்த இடத்தில் ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். சேமித்த பேட்ச்சைத் திறந்ததும் எண்பெட்டிகள் எல்லாம் 0 ஆகிவிட்டிருக்கும். நீங்கள் 130.8 என்று வைத்திருந்தது உங்கள் திரையில் மட்டும் இருந்த எண். கோப்பில் அது இல்லை. அனுப்பியவருக்கு ஓடும் பேட்ச் வாங்கியவருக்கு ஓடாமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். 'லோட்பேங்' பெட்டியிலிருந்து 130.8 என்ற மெசேஜுக்கும், அங்கிருந்து எண்பெட்டிக்கும் இணையுங்கள். திறந்தவுடன் எண் தானாக வந்து உட்காரும். ஒலி அளவை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். அது 0-இலிருந்தே தொடங்கட்டும், வாங்கியவர் தன் கையால் ஏற்றிக்கொள்வார். அவர் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பாரா என்று நமக்குத் தெரியாது.

பேட்ச் எந்த அப்ஸ்ட்ராக்ஷனைப் பயன்படுத்துகிறதோ, எந்த ஒலிக்கோப்பைத் திறக்கிறதோ, எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். கோப்புக்கு உங்கள் கணினியின் முழு முகவரியை எழுதினால் அது இன்னொருவர் கணினியில் கிடைக்காது. வெறும் கோப்புப் பெயரை எழுதினால் பிடி பேட்ச் இருக்கும் ஃபோல்டரிலேயே தேடும். பெயர்களில் இடைவெளி வேண்டாம். பெட்டிக்குள் இடைவெளி என்றால் அடுத்த சொல் தொடங்குகிறது என்று பிடி எடுத்துக்கொள்ளும். எக்ஸ்டர்னல் இருந்தால் 'டிக்ளேர்' பெட்டியில் அதன் பெயரைப் போட்டு, பேட்ச்சின் மேலேயே ஒரு குறிப்பும் எழுதுங்கள். முடிந்தால் எக்ஸ்டர்னலே இல்லாமல் செய்து அனுப்புங்கள். பிழை எக்ஸ்டர்னலில் இல்லை என்பதும் அப்போது உறுதியாகிவிடும்.

ஸ்கிரீன்ஷாட் கூட இருக்கலாம், ஆனால் கோப்பு கட்டாயம் வேண்டும். பிடி கோப்பு வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒரு பெட்டிக்கு ஒரு பதிவு, ஒரு வயருக்கு ஒரு வரி. வயர் வரியில் நான்கு எண் இருக்கும். '0 0 3 0' என்றால் 0-ஆம் பெட்டியின் 0-ஆம் அவுட்லெட்டிலிருந்து 3-ஆம் பெட்டியின் 0-ஆம் இன்லெட்டுக்கு. திரையில் தெரியாத அந்த வயர் வரிசை இங்கே மேலிருந்து கீழாக அப்படியே எழுதப்பட்டிருக்கும். சிறிய பேட்ச் என்றால் இந்த எழுத்தையே நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பலாம். வாங்கியவர் அதை ஒரு கோப்பில் போட்டுச் சேமித்தால் பேட்ச் திறந்துவிடும்.

கேள்வியில் என்ன எழுத வேண்டும்? பிடியின் பதிப்பு எண், இயங்குதளம், பிடி விண்டோவில் வந்த செய்தி ஓர் எழுத்தும் மாறாமல். என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன கேட்டது. "1.3333-ஐச் சொடுக்கினால் மத்தியமம் வர வேண்டும். சட்ஜத்தைத் தொடும்வரை பஞ்சமமே ஒலிக்கிறது." இப்படி எழுதினால் பிடி தெரிந்தவர் பேட்ச்சைத் திறக்காமலே பதில் சொல்லிவிடுவார்.

பதில் கிடைத்ததும் திருத்திய பேட்ச்சையும் திருப்பி அனுப்புங்கள். கேட்டுவிட்டு மறைந்துபோகிறவர்கள் நிறைய. அதே இடத்தில் நாளை முட்டிக்கொள்ளப் போகிறவருக்குக் கேள்வியும் விடையும் சேர்ந்து கிடைத்தால்தான் பயன்.

பிழை எதுவும் இல்லாமல், நீங்கள் கண்டுபிடித்த ஓர் உத்தியைப் பகிரும்போதும் முறை இதேதான். பிடியில் எந்தப் பெட்டியையும் வலது சொடுக்கி ஹெல்ப் என்றால் ஓர் உதவி பேட்ச் திறக்கும். அது படமில்லை, ஓடும் பேட்ச். அதிலிருந்து பெட்டிகளை நகலெடுத்து உங்கள் பேட்ச்சில் ஒட்டலாம். உங்கள் சுருதிப் பெட்டிக்கும் இப்படி ஒன்று செய்யலாம். அதை ஓர் அப்ஸ்ட்ராக்ஷனாகச் சேமியுங்கள். அதே பெயரோடு இறுதியில் '-ஹெல்ப்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து, அதே ஃபோல்டரில் இன்னொரு பேட்ச் வையுங்கள். அதில் சுருதிப் பெட்டியை ஒரு முறை பயன்படுத்திக் காட்டி, ஒவ்வோர் இன்லெட்டுக்கும் என்ன அனுப்ப வேண்டும் என்று குறிப்பு எழுதுங்கள். யாரிடமிருந்து எந்தப் பகுதியை எடுத்தீர்கள், மற்றவர்கள் இதை எப்படிப் பயன்படுத்தலாம் என்றும் இரண்டு வரி. நாளைக்கு முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பெட்டியை வலது சொடுக்கி ஹெல்ப் என்று கேட்டால், இந்த பேட்ச் அவர் முன்னால் திறக்கும்.